பாதி வெளிச்சம்

இன்பிளான்ட் டிரெயினிங் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? காலையில் ஒரு கையெழுத்து, மத்தியானம் கேன்டீன், சாயங்காலம் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ஒரு காப்பி. நானும் அந்த நினைப்பில்தான் போனேன். கோவைப் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனி. பெயர் வேண்டாமே.

அங்கே இரும்புத் துண்டுகளை இன்டக்ஷன் காயிலுக்குள் தள்ளி, 1200 டிகிரிக்குச் சூடாக்கி, சுத்தியலுக்கு அனுப்புவார்கள். துண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு பைரோமீட்டர். துண்டைத் தொடாமலே, அது விடுகிற அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூட்டைச் சொல்லும். காயில் ஓரத்தில் இருப்பது விரல் தடிமன் லென்ஸ் மட்டும்தான். டிடெக்டரும் சர்க்யூட்டும் ஆறு மீட்டர் தள்ளி, சுவரில் ஒரு பெட்டிக்குள். நடுவே ஃபைபர் ஆப்டிக் கேபிள். பெட்டியைப் பக்கத்திலேயே வைத்தால் சூட்டில் வெந்துவிடும். காயிலின் காந்தப் புலம் வேறு சிக்னலில் நாய்ஸாக ஏறும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை. (மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாக்கி அதன் வழியே படத்தையே அனுப்பலாம் என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய இருவரில் ஒருவர் நம் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. நான் இதைத் தெரிந்துகொண்டது பரீட்சைக்கு அல்ல, அடிபட்ட பிறகு.)

ஒருநாள் சிக்கிய துண்டொன்று கேபிள் மேல் விழுந்து உறை கருகிப்போனது. மாற்ற வேண்டும். ஃபோர்மேன் சார் என்னைக் கூட வைத்துக்கொண்டார். பவரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, காயில் ஆறும்வரை காத்திருந்தோம். புதுக் கேபிளின் இரண்டு முனை மூடியையும் கடைசி நிமிஷம் வரை கழற்றக் கூடாது என்றார். முனையில் விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும், ஒளி குறையும். மாட்டி முடித்து, கையில் வைத்திருந்த ஸ்டாண்டர்டு மீட்டரோடு ஒப்பிட்டு ரீடிங்கைச் சரிசெய்தார். கேபிள் மாறினால் இதைச் செய்தே ஆகவேண்டுமாம்.

"மிச்சத்தைக் கட்டி வெச்சுருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுசு ஒரு மீட்டர் நீளம் கூட. நான் அதை டம்ளர் வாய் அளவுக்குச் சுருட்டி, கேபிள் டை போட்டு, நறுக்கென்று இழுத்து, சுத்தியல் பக்கத் தூணில் கட்டினேன். என்ன நேர்த்தி! எனக்கே பெருமை. எந்த அளவுக்கு மேல் வளைக்கக் கூடாது என்று கேபிளோடு வந்த தாளில் போட்டிருந்தது. அந்தத் தாளைப் படிக்காமல் மடித்து வடை வைத்துத் தின்றவன் நான்தான்.

மூன்றாம் நாள் ஹீட்டர் ஆப்பரேட்டர் அண்ணன் கூப்பிட்டார். இருபது வருஷ சர்வீஸ்.

"தம்பி, சாமான் ரொம்ப வெளுப்பா வருதுங்க. பொறி வேற தெறிக்குது."

"அண்ணே, மீட்டர் 1200-லதானே நிக்குது?"

"நிக்குது. ஆனா இது 1200 கலர் இல்லீங்க."

மீட்டரை நம்பினேன். கிலோவாட் முள் வழக்கத்தைவிட ஏறி நின்றதைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. அந்த ஷிஃப்டில் சுத்தியலில் அடித்த துண்டுகள் ஓரம் ஓரமாய் வெடித்தன. கருகிய இரும்பை எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் மீட்காது, எல்லாம் ஸ்கிராப். "செட்டிங்கைக் கை வெச்சுட்டான்" என்று அண்ணனுக்கு மெமோ.

ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. கால்குலேட்டரை எடுத்து வீன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த மீட்டர் ஒரு மைக்ரான் அலைநீளத்தில் வேலை செய்வது. கேபிளில் பாதி ஒளி போய்விட்டது என்று வைத்துக்கொண்டால், மீட்டர் 1200 என்னும்போது துண்டு உண்மையில் 1310! ஒளி பாதியானால் டிகிரி பாதியாவதில்லை, நூற்றுச் சொச்சம்தான் தப்புகிறது. கேபிள் முழுசாய் அறுந்திருந்தால் அலாரம் கத்தியிருக்கும். பாதி அறுந்தால் யாரும் சந்தேகப்படாத ஒரு நம்பரைக் காட்டும். கன்ட்ரோலர் பாவம், அதை நம்பிப் பவரை ஏற்றி ஏற்றி, டிஸ்ப்ளேயை 1200-க்கே கொண்டுவந்து நிறுத்தும்.

காலையில் ஃபோர்மேன் முன்னால் போய் நின்றேன். வயிற்றைக் கலக்கியது, டிரெயினிங் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார்.

கேபிளைக் கழற்றி ஒரு முனையை அண்ணன் டார்ச் முன்னால் பிடித்தார். மறுமுனையை நான் பார்த்தேன். நல்ல கட்டு என்றால் எல்லாப் புள்ளியும் வெளிச்சமாய்த் தெரிய வேண்டும். இதில் எள் கொட்டியது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் மொத்தமாய் இருட்டு. நான் இறுக்கிய வளையத்தில், சுத்தியல் அதிர்வு மூன்று நாளாய் இழை இழையாய் ஒடித்திருக்கிறது.

"எவ்வளவு போச்சு தம்பி?" என்றார் அண்ணன்.

"பாதி இருக்கும்ணே."

வேறொன்றும் கேட்கவில்லை அவர். மறுபடி புதுக் கேபிள், மறுபடி காலிபரேஷன். இந்த முறை மிச்சத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தளர்வாய்ச் சுற்றி, தூணில் இல்லாமல் சுவரில் தொங்கவிட்டேன்.

மெமோவைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஷிஃப்டுக்கு அண்ணனிடம் பிடித்த இன்சென்டிவ், நான் சர்டிபிகேட் வாங்கிக் கிளம்பும் நாள்வரை வரவில்லை.