பாட்டாவும் என் கறுப்பு ஷூவும்

இந்த மலரில் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கவிதை வராது. என் ஷூவைப் பற்றி எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஷூ ஏறிய முதல் காலும் என்னுடையதுதான். அப்பாவுக்கு வயல் வேலை. அவருடைய ரப்பர் செருப்பு பாதி நேரம் வரப்பில்தான் கிடக்கும். டிப்ளமோவில் சேர்ந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குத் தோல் ஷூ கட்டாயம் என்றார்கள். லேத்தில் இருந்து தெறிக்கும் இரும்புச் சுருள் என்ன சூடு என்று மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மை சீட்டுப் பணத்தில் 850 ரூபாய் எடுத்துத் தந்தாள்.

நம்ம மாவட்டத்துக்கு வருசத்தில் ரெண்டு மழைக்காலம். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் ஷூ சொதசொதவென்று நனைந்துவிட்டது. மறுவாரம் பிராக்டிக்கல். என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்! துணி சோப்புப் போட்டுக் கழுவி, ராத்திரி முழுக்க அடுப்பு மேட்டில் காயவைத்தேன். காலையில் பார்த்தால் விறகுக்கட்டை. விரல் மடங்கும் இடத்தில் கோடை வயல் மாதிரி வெடிப்பு.

அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னொரு ஜோடிக்குக் காசு இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஏலே மக்கா, தோலை அடுப்புல வச்சா அப்பளம் மாதிரிதான் ஆவும். சோப்பு வேற போட்டியாக்கும்!" என்றார். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையைச் சோப்பு எடுத்துவிடும், சூடு நாரைச் சுருக்கிவிடும். சுருங்கின நார் பழையபடி ஆகாது. துணியில் துளி விளக்கெண்ணெய் தொட்டு, மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கச் சொன்னார். வெடிப்பு மறையவில்லை. ஆனால் ஷூ வளைந்து கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பிராக்டிக்கல் எழுதினேன், பாஸும் ஆனேன்.

அவரிடம் கற்றது இன்னும் உண்டு. நனைந்தால் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணிக்கணும். அது ஈரத்தைக் குடித்ததும் மாற்றணும். நிழலில், காற்றாட வைக்கணும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெள்ளையாய்ப் பூசணம் பிடிக்கும். தூசியைத் தட்டாமல் பாலிஷ் போட்டால் மணலைத்தான் தேய்க்கிறோம். பாலிஷும் மெல்லிசாகப் போதும், கொஞ்ச நேரம் விட்டு பிரஷ். நம்ம ஊர்க்காரன் எதற்கும் தேங்காயெண்ணெய்தான் எடுப்பான். ஷூவில் தடவினால் ஒரு நாள் பளபளக்கும், மறுநாள் ஊர்த்தூசி எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். 'ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடு' என்றும் சொன்னார். ஒரே ஜோடி வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு!

நூலகத்தில் தேடிப் படித்தேன். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு. சென்னை அடையாறில் தோலுக்கென்றே 1948-இல் தொடங்கிய மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிப்ளமோ முடித்து ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் மெஷின் பராமரிப்பு வேலைக்கு எழுதிப் போட நினைத்திருக்கிறேன்.

இனி எங்க பாட்டா. (ஷூ கடை இல்லை, தாத்தா!) சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்களைப் போன்றவர்கள் நடக்கக்கூடாது என்று இருந்த காலம் உண்டு. அதற்காக 1926-லும் 1930-லும் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். பாட்டாவின் அப்பா அப்போது சின்னப் பையன். பாட்டா பிறக்கும்போது தடை எதுவும் இல்லை. ஆனாலும் தெருமுனை வந்ததும் பாட்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பக்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இந்த வருசம் ஒரு காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது சேர்ந்து நடந்தோம். அவர் குனிந்தார். நானும் ஷூ லேஸில் கை வைத்துக்கொண்டே, "சாமிக்காகவா பாட்டா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பன் கழத்துவாரு. பழக்கமாக்கும் மக்களே" என்றார். கொஞ்ச நேரம் என் ஷூவையே பார்த்தார். "நீ கழத்தாண்டாம். போட்டுட்டே நட. பஸ் வந்திரும்."