இந்தோனேசியர் ஒப்பிடும் விதம்

ஜகார்த்தாவில் 1978-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இஸ்திக்லால் பள்ளிவாசல் தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பெரியது. அதனை அந்நாட்டார் 'தெர்பெசார்' என்பர். 'பெசார்' என்றால் பெரியது. 'லெபிஹ் பெசார்' அதனினும் பெரியது. 'செபெசார்' அதே அளவு பெரியது. இந்தச் 'செ' என்னும் முன்னொட்டுக்கு 'ஒன்று' என்றும் பொருளுண்டு. சமமாயிருத்தலை ஒன்றாயிருத்தலாகவே அம்மொழி காண்கிறது!

நாம் நன்கறிந்த 'அஃப்ளல்' என்னும் அரபுச் சொல்லும் அங்கே வழங்குகிறது. அரபியில் அச்சொல்லே 'மேலும் சிறந்தது' எனப் பொருள்படும் ஒப்பீட்டு வடிவம். அவர்களோ அதன் முன்னும் 'லெபிஹ்' சேர்த்து 'லெபிஹ் அஃப்தல்' என்கின்றனர். இலக்கணப் பிழையென்று நகைத்துவிடாதீர்கள். 'மிகவும் அஃப்ளலானது' என்று நாமும் சொல்கிறோமல்லவா? குடிவந்த சொல், புகுந்த வீட்டின் வழக்கத்தை ஏற்பதே இயல்பு. ஒரு மொழியை இன்னொன்றின் தராசில் நிறுத்துத் தாழ்த்துவது அறிவுடைமையாகாது.