730 ரூபாய்க் கணக்கு

2017 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய எங்களுக்கு டிசம்பர் கடைசியில்தான் பெறுபேறு. அந்த இடைவெளியில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பையன்கள் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனார்கள். கணக்கு கொஞ்சம் ஓடியதால் நான் டியூசன் தொடங்கினேன். பிள்ளை மடுவத்துத் திண்ணையில் வகுப்பு, கொழுந்து நிறுத்து அம்மாமார் திரும்பும் நேரத்தில். 'சேர்' என்று கூப்பிடக் கூச்சப்பட்ட பிள்ளைகள் 'அண்ணே' என்றார்கள்.

தரம் ஒன்பதுக்குச் சதவீதம். மேசையை வாங்கி விற்கும் வியாபாரியின் இலாபத்தில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. அப்போது லயம் முழுக்கப் பேச்சாக இருந்தது 730. முந்தைய வருட ஒக்டோபரில் கைச்சாத்தான தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தின் நாட்சம்பளம். பலகையில் பிரித்து எழுதினேன்: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. கிலோ நிறையாவிட்டால் 140 இல்லை. கொடுத்த வேலைநாளில் 75 சதவீதம் போகாவிட்டால் மாதம் முழுவதற்குமான 60 இல்லை.

"24 நாள் வேலை. அம்மா 17 நாள் போனாங்க. எத்தனை சதவீதம்?"

எழுபத்தொன்றுகூட வரவில்லை. 18 நாள் என்றால் சரியாக 75. அந்த ஒரு நாளுக்கு 530 ரூபாயும், 18 நாளுக்கான வரவுக் காசு 1,080 ரூபாயும் போச்சு.

"அப்ப ஒரு நாள் காய்ச்சல் 1,610 ரூபாயாண்ணே?" என்றாள் பின்வரிசைப் பிள்ளை. கிலோ நிறையாத நாளென்று வைத்தே அந்தத் தொகை.

ஒப்பந்தம் எழுதியவர்களுக்குக் கணிதம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. (2019 ஒப்பந்தத்தில் வரவு, உற்பத்திக் கொடுப்பனவுகள் இரண்டும் எடுபட்டு, அடிப்படை 700 ஆனது.)

அடுத்த கிழமை வீட்டுச் சம்பளத் துண்டுகள் திண்ணைக்கு வந்தன. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் பிடிப்பதைப் பிள்ளைகளே பெருக்கிப் பார்த்தார்கள். இடறியது ஒரே இடத்தில்: துண்டில் போட்டிருந்த நாட்கள் சரியா என்று பார்க்க, எந்த வீட்டிலும் எழுதி வைத்த கணக்கு இல்லை. "மாசத்துக்கு எத்தனை பேர் விழுந்திச்சி?" என்று வேலைநாள் கணக்கைக் கேட்டால் அம்மாமார் விரல் மடக்கினார்கள், பாதியில் விட்டார்கள்.

அதனால் கலண்டரில் அம்மா மலைக்குப் போன நாளுக்குச் சரி போடுவதும், நிறுத்த கிலோவைப் பக்கத்தில் எழுதுவதும் வீட்டுவேலையானது. மாதக் கடைசியில் சிலர் கலண்டரையே கையில் எடுத்துக்கொண்டு ஒபிசுக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.