அடி தாங்கும் உள்ளம்

மாந்தரது உடல் வலிமையை அளத்தற்குக் கருவிகள் பல உள. அடி பொறுக்கும் உள்ளத்தின் வலிமையை அளத்தற்கோ யாதொரு கருவியும் இல்லை. அது நிரம்பியிருக்குங்கால் உடையவனுக்கே தெரிவதில்லை. வற்றிய அன்றுதான் தெரிகின்றது. குத்துச்சண்டையை மேற்கொண்டோர் வாழ்க்கையில் அவ்வற்றுதல் ஊரறிய, விளக்கொளியில், ஆயிரவர் கண்முன் நிகழ்கின்றது. ஆதலின் அவர்களைப் பற்றிச் சில கூற எண்ணினோம். புதுவைக் குருசுக்குப்பத்தில், அலையோசை கேட்கும் தெருவொன்றில் வளர்ந்த எமக்கு இப்பொருளிற் பற்று உண்டானதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

அடிக்கு அஞ்சுதலைத் தமிழர் பொறுத்ததில்லை. வெண்ணிப் போரிற் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பை ஊடுருவி முதுகிற் புண் செய்தது. அவன் புறங்காட்டி ஓடினான் என்று பகைவரும் சொல்லவில்லை. ஆயினும் முதுகிற் புண் உண்டாயிற்று என்பதொன்றே அவனுக்குப் போதியதாயிற்று. வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலமைப் பெண்மணியார், வென்ற கரிகாலனை நோக்கியே, வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அன்றோ என்று பாடினார். படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வள்ளுவனாரோ, விழுப்புண் படாத நாள்களை வீரன் வீணாள்களில் வைத்து எண்ணுவான் என்கின்றார். இவற்றைப் பள்ளிப் பருவத்தில் உருப்போட்டு மகிழ்ந்தவர்களே யாம். ஆயினும் புண்பட்டவனைக் கேட்டு எழுதிய பாட்டு எத்துணை என்று அந்நாளில் எமக்குத் தோன்றவில்லை.

வடசென்னையில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றிய குத்துச்சண்டைக்கும் இம்மரபே உயிராய் நின்றது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என ஆடவர் அணி பிரிந்து நின்றனர். துறைமுகக் கூலிகளும் மீனவரும் அக்களத்தின் வீரர். அவர்தம் சுற்றமே அவையோர். 1940களில் நாட் டெரி என்னும் ஆங்கிலோ இந்திய வீரரைச் சார்பட்டா பரம்பரையைச் சேர்ந்த கித்தேரி முத்து வென்ற செய்தியை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். 2021இல் வெளிவந்த திரைப்படத்தால் அப்பெயர்கள் இளைஞர்க்கும் தெரிந்தன. இங்கு நாம் நோக்கற்பாலது ஒன்று உண்டு. பரம்பரை என்று பெயர் வைத்தபின் அடி வாங்குபவன் ஒருவனல்லன். அவன் பின்னே ஆசானும் தெருவும் இறந்த பாட்டனாரும் நிற்கின்றனர். போதும் என்று அவன் சொல்லின் அவர் அனைவர்க்கும் சேர்த்துச் சொன்னவனாகின்றான். அச்சுமையோடு ஒருவன் எங்ஙனம் கை தாழ்த்துவான்?

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசு என்பவரோடு காட்சிப் போர் ஒன்று நிகழ்த்தினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அவரை வரவேற்றார். அவ்வாண்டே அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகஸ் நகரில் லாரி ஹோம்சு என்பவரிடம் அவர் பட்ட அடி சொல்லுந்தரமன்று. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போரை நிறுத்தினார். அலி தாமாக நிறுத்தவில்லை. உள்ளம் இருந்தது, உடல் போயிற்று. நான்கு ஆண்டிற்குள், 1984இல், அவருக்கு நடுக்குவாத நோய் உண்டென்பது வெளியாயிற்று. அடிபட்ட வீரர் தள்ளாடிப் பேச்சுக் குழறுதலை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்டு என்பார் 1928லேயே எழுதி வைத்தார் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இதற்கு மறுதலையான கதை பனாமா நாட்டு ராபர்டோ டூரான் என்பவருடையது. கல்லினும் வலிய கையினர் என்று பெயர் பெற்றவர். 1980 ஜூன் மாதம் மான்ட்ரியல் நகரில் சுகர் ரே லெனர்டு என்பவரைப் பதினைந்து சுற்றுப் பொருது வென்றார். வென்றபின் விருந்தும் களியாட்டும் மிகுந்தன, உடலும் பருத்தது. மறு போர் நவம்பர் 25 என்று குறிக்கப்படவே, குறுகிய காலத்தில் எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று. நியூ ஆர்லியன்சு நகரில் லெனர்டு இம்முறை நின்று அடிபடவில்லை. ஆடினார், முகத்தை நீட்டிக் காட்டினார், கையைச் சுழற்றி ஏளனம் செய்தார். எட்டாம் சுற்றில் டூரான் திடீரெனத் திரும்பி, கையசைத்து, இனி வேண்டாம் எனப் போரை விட்டார். வயிற்று நோவு என்றார். ஒருவரும் நம்பவில்லை. அடியைவிட எள்ளலே அவரை வென்றது என்பது எம் துணிபு. அடி பொறுக்கப் பழகியவனுக்கு நகைப்பைப் பொறுக்கப் பயிற்சி இல்லை.

அவரை உலகமே கோழை என்று இகழ்ந்தது. அவ்விகழ்ச்சி அடங்குமுன், 1982 நவம்பர் 13ஆம் நாள், கொரிய இளைஞர் கிம் டூக்கூ என்பவர் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு பொருதார். பதினான்காம் சுற்று வரை அவர் போதும் என்று சொல்லவேயில்லை. அச்சுற்றில் வீழ்ந்தவர் மூளைக் காயத்தால் ஐந்தாம் நாள் இறந்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டை மன்றம் பதினைந்து சுற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தது. வேண்டாம் என்றவனைக் கோழை என்றும், சொல்லாமல் மாண்டவனை மாவீரன் என்றும் கூறிய வாய் ஒன்றே. டூரானோ 1983இல் டேவி மூர் என்பவரை வென்று மீண்டும் பட்டம் பெற்றார். 1989இலும் ஒரு பட்டம் வென்றார். உயிரோடிருந்தமையால் அஃது இயன்றது.

இவ்விருவர்க்கும் இடையே நிற்பவர் ஜோ பிரேசியர். 1975 அக்டோபர் 1ஆம் நாள் மணிலாவில் அலியோடு பதினான்கு சுற்று முடித்தார். ஒரு கண் முன்னமே மங்கியது. மற்றொன்று அடிபட்டு வீங்கி மூடிற்று. வருகின்ற கை தெரியவில்லை. ஆயினும் எழுந்து செல்லவே முனைந்தார். அவருடைய ஆசான் எட்டி பட்சு, உட்கார் மகனே என்று தடுத்துப் போரை முடித்தார். போதும் என்பதை வீரன் சொல்லுதல் அரிது. அவனுக்காகச் சொல்லும் ஒருவர் மூலையில் இருத்தல் பெரும்பேறு. எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் அவர் பந்தயப் பணத்தில் பங்குடையவராயின் என்ன செய்வார் என்பது வேறு வினா.

மைக் டைசன் கதையில் எள்ளலுமில்லை, ஆசான் தடுத்ததுமில்லை. 2005 ஜூன் 11ஆம் நாள் வாஷிங்டனில் கெவின் மக்பிரைடு என்பவரோடு ஆறு சுற்றுப் பொருதபின், ஏழாம் சுற்றுக்கு அவர் எழவில்லை. பின்னர்த் தமக்கு இத்தொழிலில் மனமே இல்லையென்று வெளிப்படக் கூறினார். எதிரி தம்மினும் பெரியன் என்றோ நடுவர் பிழை என்றோ சாக்குக் கூறவில்லை. இருபது வயதில் உலகை நடுக்கியவர் வாயில் அச்சொல் வந்ததே என்று பலர் வருந்தினர். எமக்கோ அவருடைய பேச்சுகளுள் மெய் மிகுந்தது அதுவே எனப்பட்டது.

எங்கள் குப்பத்தில் முதியவர் ஒருவர் உளர். இளமையிற் சென்னைக்குப் போய்க் கையுறை கட்டிச் சில ஆண்டு பொருதவர். ஒரு நாள் மாலை, இரண்டாம் சுற்றில், ஒரு பெருங்குத்தும் படாமலே கயிற்றைத் தாண்டி இறங்கி வந்துவிட்டார். பந்தயம் கட்டியவர் காறி உமிழ்ந்தனர். பேசி வைத்திருந்த பெண்ணையும் தர மறுத்தனர். ஊருக்குத் திரும்பி வலைக்குப் போனார். ஐப்பசி கார்த்திகைக் கொந்தளிப்பில் பிறர் கரையில் நிற்கக் கட்டுமரம் தள்ளியவர் அவர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின், திடமான ஆடவர் பலர் அலையைக் கண்டாலே பின்வாங்கிய நாள்களில் முதலிற் கடலில் இறங்கியவர்களுள் ஒருவரும் அவர். அவரைக் கோழை என்பார் யார்? ஒருகால் துணிந்து கேட்டோம்.

“அடி வலிக்கலை தம்பி. அடுத்த அடிக்குக் காத்திருந்ததுதான் வலிச்சது. கடலு என்னைப் பார்த்து அடிக்கிறதில்லை” என்றார்.

யாம் படித்த நூல்கள் எவற்றிலும் இத்துணைத் தெளிவாய் இதனைக் கண்டிலேம். உள்ளம் வற்றுவதன் குறிகளையும் அவரே எமக்குக் கற்பித்தார். கை வருமுன்னரே கண் இமைக்கும். முழங்கை விலாவை ஒட்டிக்கொள்ளும். அடித்தபின் தொடர்ந்து செல்லாமல் ஒரு அடி பின்னே வைக்கும். இடைவேளையில் ஆசான் முகத்தை விட்டுக் கடிகாரத்தை நோக்கும். இவை யாவும் களத்திற் காண்பவை. களத்திற்கு வெளியே ஒன்றுண்டாம். அதனை அன்று அவர் சொல்லவில்லை.

எம் தமக்கையின் மகன் இவ்வாண்டு பதினேழு வயதினன். மூன்றாண்டாகக் குத்துச்சண்டை பயில்பவன். சென்ற போட்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நடுவர் எண்ணி நிறுத்தினார். அவன் தந்தையார் பதினைந்து நாள் அவனோடு பேசவில்லை. விளையாட்டுப் பிரிவில் வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் கடன் வாங்கிப் பயிற்றுவித்தவர் அவர். சினத்திற்கும் காரணம் உண்டு. அவனை முதியவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் போட்டியைப் பற்றி ஒன்றும் வினவவில்லை.

“போட்டிக்கு முந்தி எத்தனை ராத்திரி தூங்கலை?” என்றார்.

பையன் நெடுநேரம் மணலையே பார்த்திருந்து, “நாலு, தாத்தா” என்றான்.

“மழை ஓயிற வரைக்கும் கையுறையைத் தொடாதே. அப்புறம் கை தினவெடுத்தா வா, சேர்ந்து போய் உன் அப்பன்கிட்ட பேசுவோம். தினவெடுக்கலைன்னாலும் வா” என்று சொல்லிவிட்டு, கிழிந்த வலையைச் சீர்செய்யத் திரும்பிவிட்டார்.

மழை இன்னும் ஓயவில்லை. கையுறை எம் தமக்கை வீட்டுச் சுவரில் ஆணியிற் தொங்குகின்றது. மைத்துனர் உண்ணும்போது அதற்கு முதுகு காட்டி அமர்கின்றார். பையனோ இப்போது உறங்குகின்றானாம்.