காத்திருப்பவனின் சட்டை

2018-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தை அமெரிக்காவில் என் மகள் வீட்டில் கழித்தேன். சனிக்கிழமை தோறும் மருமகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கல்லூரிக் கால்பந்து பார்ப்பார். பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. “குவார்ட்டர்பேக்கை மட்டும் கவனியுங்கள், மாமா, ஆட்டம் விளங்கிவிடும்” என்றார் அவர்.

குவார்ட்டர்பேக் என்பவன் அணியின் மூளை. பந்து முதலில் அவன் கைக்கே வரும். அதை எறிவதா, பிறனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை அவன் நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். மற்ற இடங்களில் ஆட்டக்காரரை மாற்றி மாற்றி இறக்கலாம். இந்த இடத்திலோ வழக்கமாக ஒருவனே ஆடுவான். அவனுக்குப் பின்னே இரண்டாமவனும் மூன்றாமவனும் வாரம் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு, சனிக்கிழமை ஓரத்தில் நிற்பார்கள். முதல்வன் அடிபட்டு வீழ்ந்தால் அவர்களே கதி. ஆகவே அவர்களை இழக்கவும் இயலாது. ஆட வைக்கவும் இயலாது. பயிற்சியாளரின் தலைவலி இதுவே.

‘சிவப்புச் சட்டை’ என்றொரு முறையும் அங்கே உண்டு. ரெட்ஷர்ட் என்பார்கள். மாணவன் ஒருவனுக்கு ஐந்தாண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆட உரிமை என்பது அந்நாளைய விதி. ஓராண்டு ஆடாமல், உடலை வலுப்படுத்திக்கொண்டு ஆட்ட நுணுக்கங்களைக் கற்றால், அந்தப் பருவம் கணக்கில் சேராது. ஒரே ஆட்டத்தில் சற்று நேரம் இறங்கினாலும் அவ்வாண்டு போயிற்று என்றிருந்த நிலையை 2018-இல் தளர்த்தினார்கள். நான்கு ஆட்டங்கள் வரை ஆடியும் அந்தப் பருவத்தைக் காத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இதனால் பயிற்சியாளர் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. புதிய இளைஞனை வென்றுவிட்ட ஆட்டத்தின் கடைசியில் இறக்கிப் பழக்கினால் நான்கில் ஒன்று செலவாகும். நவம்பரில் ஐந்தாம் முறை அவன் தேவைப்பட்டால் அவனது ஆண்டே செலவாகும்.

அவ்வாண்டே இவ்விதி ஒருவர் வாழ்வில் புகுந்தது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கெல்லி பிரையன்ட் என்பவர் முந்தைய ஆண்டு முழுவதும் அணியை நடத்தியவர், இறுதியாண்டு மாணவர். நான்காம் ஆட்டம் முடிந்ததும், முதலாண்டு மாணவரான ட்ரெவர் லாரன்சே இனி முதல்வர் எனப் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி அறிவித்தார். ஐந்தாம் ஆட்டம் வரை இருந்தால் தம் கடைசிப் பருவம் கரைந்துபோகும் என்றுணர்ந்த பிரையன்ட் அணியை விட்டு விலகினார். செப்டம்பர் 29-இல் அடுத்த ஆட்டம், சிரக்யூஸ் அணியோடு. அதிலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். மிஞ்சியவர் சேஸ் பிரைஸ். முந்தைய ஆண்டு முழுவதும் சிவப்புச் சட்டையில் காத்திருந்தவர். கடைசிக் கால்பகுதியில் பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியை அவர் 27-23 என்று கரையேற்றினார். கிளெம்சன் அப்பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை, வாகை சூடியது.

“பார்த்தீர்களா மாமா, விட்டுப் போனவரின் அவசரத்தை!” என்றார் மருமகன். நான் வாய் திறக்கவில்லை. என் நினைவு 1972-க்குச் சென்றிருந்தது.

கல்லூரி அணியில் நான் இரண்டாம் கோல்கீப்பர். இரண்டு ஆண்டுகள் பயிற்சிக்குத் தவறியதில்லை. ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. எனக்கு முறை எப்போது வரும் என்று பயிற்சியளித்த ஆசிரியரைக் கேட்கத் துணிவில்லை. அவரும் தாமாகச் சொல்லவில்லை. ஒரு மாலை, சட்டையை மடித்து அறையில் வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். பத்து நாட்களில் முதல் கோல்கீப்பரின் விரல் முறிந்தது. பின்காப்பாளன் ஒருவனைக் கோல் முன் நிறுத்தினார்கள். ஐந்து கோல்கள் விழுந்தன. அந்த நண்பன் பின்னர் என்னிடம் கேட்டது ஒன்றே: “சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே?”

ஆகையால் பிரையன்டைக் குறை கூற என்னால் இயலாது. அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே போனார். 2019-இல் மிசௌரியில் தம் பருவத்தை ஆடினார். அவருடைய ஆண்டு அவருக்கு உரியது.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் வேறொருவரைக் கண்டேன். அலபாமாவின் ஜேலன் ஹர்ட்ஸ். முதல்வராகத் தொடங்கிய 28 ஆட்டங்களில் 26-ஐ வென்றவர். ஜனவரி 8-இல் அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை அமர்த்திவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார், அலபாமா வென்றது. புதிய பருவத்தில் ஹர்ட்சும் நான்கு ஆட்டங்களோடு நிறுத்தி ஓராண்டைக் காத்திருக்கலாம். அவரோ இரண்டாமவராகவே தொடர்ந்தார். டிசம்பரில் அதே அரங்கில், அதே ஜார்ஜியா அணிக்கெதிரே டுவா காயமுற்றபோது ஹர்ட்ஸ் இறங்கினார். 21-28 என்றிருந்த ஆட்டம் 35-28 என்று முடிந்தது. என் கண்கள் நனைந்ததை மருமகன் கவனித்திருப்பார். பட்டம் பெற்றபின் ஹர்ட்ஸ் ஓக்லஹோமாவுக்கு மாறினார். 2025-இல் ஃபிலடெல்ஃபியா அணியோடு சூப்பர் போலையும் வென்றார்.

2021 முதல் முதன்முறை கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு வெளியே நிற்க வேண்டியதில்லை என்றாக்கினார்கள். இரண்டாமவரைத் தக்கவைப்பது அதன்பின் இன்னும் அரிதாயிற்று. அவரைக் கட்டிவைக்கக் கயிறு இல்லை. நேர்மையான பேச்சு ஒன்றே உண்டு. “உன் இடம் இது, உன் காலம் இப்போது வருமென நம்புகிறேன், வராமலும் போகலாம்” என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்பான பெற்றோரே, நம் வீடுகளிலும் ஓரத்தில் நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அண்ணனின் படிப்பு முடியட்டும், அக்காளின் திருமணம் ஆகட்டும் என்று அதன் முறையைத் தள்ளி வைத்திருப்போம். அது தவறென்று நான் கூறவில்லை. சில வேளை வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் காரணத்தைச் சொன்னோமா? அதன் ஆண்டும் ஓர் ஆண்டுதான். சொல்லாமல் விட்டால், ஒரு மாலை அது சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போய்விடும்.