உயிர் காலேஜ்

சென்னையில் தீவு என்றால், கூவம் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே கிடக்கும் தீவுத்திடலையே எல்லோரும் நினைப்பார்கள். நம் நினைவிலுள்ள தீவு வேறு. ஒரு பக்கம் சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில் ஊதல். மற்றொரு பக்கம் மூர் மார்க்கெட்டின் சந்தடி. முன்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வாகனப் பிரவாகம். இவற்றுக்கு நடுவே மரநிழலும் சிங்க கர்ஜனையுமாக ஒரு தனி உலகம் இருந்தது. அதுதான் சென்னையின் பழைய மிருகக்காட்சிசாலை. நகரமென்னும் கடல் அந்தத் தீவை எப்போதோ விழுங்கிவிட்டது.

நாம் அதைக் கண்டது 1984-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில். அப்போது நமக்கு ஆறு வயது. கும்பகோணத்திலிருந்து அத்தை நங்கநல்லூருக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே நம் தகப்பனாரிடம், "ஏண்டா, உயிர் காலேஜுக்கு எப்போ அழைச்சிண்டு போகப் போறே?" என்று ஆரம்பித்துவிட்டாள். வெளியூர் ஜனங்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்து வந்த காலம் அது. எந்தப் பண்டிதர் சூட்டிய பெயரோ, அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஒருவகையில் அவ்விரு 'காலேஜு'களும் உடன்பிறந்தவையே. மியூசியத்தை நடத்திவந்த டாக்டர் எட்வர்டு பால்பர், அங்கே ஒரு புலியையும் ஒரு சிறுத்தையையும் வைத்துப் பார்த்தார். அவற்றைக் காண ஜனங்கள் திரண்டு வரவே, கர்நாடக நவாபிடமிருந்த மிருகங்களையும் கேட்டுப் பெற்று, 1855-இல் மியூசியத் தோட்டத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகள் சேர்ந்துவிட்டன. 1861-இல் அது நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, 116 ஏக்கர் பரப்புள்ள பீப்பிள்ஸ் பார்க்கில் குடியேறியது.

பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். சாலையைக் கடந்ததும் அத்தையின் நடை வேகமாகிவிட்டது. குரங்குக் கூண்டின் முன் அவள் சிரித்த சிரிப்பை நாம் இன்னும் மறக்கவில்லை. யானையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூண்டுகளிலிருந்து வீசிய நாற்றம்கூட நமக்கு அன்று அதிசயத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

புலிக் கூண்டின் முன் வெகுநேரம் நின்றோம். அந்தப் புலி கம்பிகளை ஒட்டி நடந்தது, மூலைக்குப் போனதும் திரும்பியது, மறுபடி நடந்தது. நாம் அதன் அடிகளை எண்ணினோம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து அடிகூட இல்லை. அது நம்மை ஒருமுறையேனும் பார்த்ததாகத் தெரியவில்லை. அத்தை தகப்பனாரைத் திரும்பிப் பார்த்து, "பாவம்டா, இதுக்கு என்ன வேண்டுதலோ, ஓயாமப் பிரதட்சிணம் பண்றது!" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த மிருகப் படப் புத்தகம் ஒன்றைத் தகப்பனார் வாங்கிக் கொடுத்தார். மறு வருஷம் மே 30-ஆம் தேதி அந்த மார்க்கெட் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து, ஜூலை 24-இல், வண்டலூரில் புதிய மிருகக்காட்சிசாலையை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பழைய இடத்தின் நெருக்கடியும் இரைச்சலும் மிருகங்களுக்கு ஆகாதவை என்று 1979-லேயே இடமாற்ற வேலை தொடங்கியிருந்தது. ஆறு வயதில் நாம் கண்ட காட்சிக்கு இன்று சாட்சியாக மிஞ்சியிருப்பது அந்தப் படப் புத்தகம் ஒன்றுதான்.

பல வருஷங்கள் அந்தத் தீவை நாம் ஏக்கத்தோடுதான் நினைத்துவந்தோம். பிறகு ஒரு நாள் பாட்டனார் 1942-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னார். அந்த ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டனர். அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினார்கள். சர்க்கார் அலுவலகங்களே வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால், கொடிய விலங்குகள் தெருவுக்கு வந்துவிடுமே! ஆகவே மலபார் விசேஷப் போலீஸார் வரவழைக்கப்பட்டு, சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்போ வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான். "ஊரே ஓடிப்போச்சு, ஓட முடியாததுகள் அதுகள் மட்டுந்தான்" என்று பாட்டனார் கதையை முடித்தார்.

அன்றிரவு அத்தையின் பிரதட்சிணப் பேச்சு மீண்டும் நினைவுக்கு வந்தது. இடம் போதாத கூண்டில் அடைபட்ட விலங்கு, செய்வதற்கு ஒன்றுமின்றி ஒரே தடத்தில் ஓயாமல் நடக்கும் என்பதையும், அது மனம் நொந்ததன் அடையாளம் என்பதையும் பிற்பாடு படித்து அறிந்தோம். நாம் சிரித்தது ஒரு துன்பத்தைப் பார்த்து. அத்தை 'பாவம்' என்று சொன்ன ஒரு சொல்தான் அன்று அங்கே பேசப்பட்ட உண்மை.

சில மாதங்களுக்கு முன் நம் வகுப்புப் பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துச் சென்றோம். அதே பழவந்தாங்கல் ஸ்டேஷன்தான். ஆனால் வடக்கே போகாமல் தெற்கே போகும் ரயில். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் பெரிய விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழியும் திறந்த வெளியும் அமைத்திருக்கிறார்கள். புலியின் இருப்பிடத்தில் கால் மணி நேரம் நின்றோம். புதரும் மூங்கிலுமே தெரிந்தன. புலியைக் காணோம்.

"ஸார், ரயிலேறி இவ்வளவு தூரம் வந்தும் புலி தெரியவில்லையே!" என்று ஒரு சிறுமி குறைப்பட்டுக்கொண்டாள்.

"புதருக்குள் படுத்திருக்கும், அம்மா."

"கூப்பிட்டால் வராதா?"

"வராது. அதற்கு இஷ்டமிருந்தால் வரும்."

அவள் முகம் வாடிற்று. நமக்கோ மனசுக்குள் ஒரு பாரம் குறைந்தது. பழைய தீவில் நம் கண்ணுக்குத் தப்பி ஒளிந்துகொள்ளப் புலிக்கு ஒரு முழ இடமும் கிடையாது. வண்டலூரும் காடாகிவிடாது என்பது வாஸ்தவம். 2021-இல் மனிதரை வாட்டிய கொரோனா அங்கிருந்த சிங்கங்களையும் பற்றி, இரண்டைப் பலிகொண்டது. அகழிக்கு அப்பால் இருப்பதும் சிறைதான். ஆயினும் பார்க்க வந்தவனை ஏமாற்றும் உரிமையாவது அந்தப் புலிக்குக் கிடைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பழைய உயிர் காலேஜின் கதையை அங்கேயே சொன்னோம், 1942-ஐயும் மறைக்கவில்லை. கதை முடிந்ததும் அந்தச் சிறுமி அகழியின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அது தூங்கட்டும், ஸார், நாம் போகலாம்" என்றாள்.

புலியைப் பார்க்காமலேயே ரயிலேறி ஊர் திரும்பினோம்.