நியூ டவுனில் அத்தானுடன் ஒரு நாள்

கல்கத்தாவில் வாழும் நம்மவர்களுக்கு லேக் மார்க்கெட் தெரியும், காளிகாட் தெரியும், ஹௌரா ஸ்டேஷனின் நடைமேடைகள் மனப்பாடம். ஆனால் நகரின் கிழக்கெல்லையில் எழுந்து நிற்கும் நியூ டவுனை நம்மில் பலர் விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் வாகனத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நகரில் ரயில்வே சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அங்கே கழிக்க நேர்ந்தது. உல்லாசமாகச் செல்லவில்லை, குடும்பத்தின் சேமிப்பைப் பற்றிய ஒரு முடிவுக்காகச் சென்றோம்.

என் தமக்கையின் கணவர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓடு பதிக்கும் தொழிலாளியாகச் சிங்கப்பூர் சென்று, இன்று ஆறு பேரை வைத்து வீட்டு உள்ளலங்கார வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறார். அவர் மூன்று நாள் விடுப்பில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். வந்த இரவே விஷயத்தைச் சொன்னார்: "தம்பி, சிங்கப்பூர் வேலைகளுக்கு வரைபடம் போட இங்கே திறமையான பிள்ளைகள் குறைந்த செலவில் கிடைக்கிறார்கள். அந்த வரைபடங்களைக் கொண்டே நியூ டவுனிலும் வேலை எடுக்கலாம். நீ ஐந்து லட்சம் போடு. கம்பெனி தங்கச்சி பெயரில் இருக்கட்டும்."

ஐந்து லட்சம் என்பது எங்கள் மகளின் படிப்புக்கென்று அஞ்சலகத்தில் பத்தாண்டுகளாகச் சேர்த்த தொகை. மேலும், 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி நான் முன் அனுமதியின்றி வியாபாரம் செய்யலாகாது; குடும்பத்தில் ஒருவர் செய்தாலும் அதை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இதைச் சொன்னதும் அத்தான், "அதனால்தான் பெயருக்குத் தங்கச்சி" என்று சிரித்தார். என் மனைவி வணிகவியல் படித்தவள். மணமாவதற்கு முன் மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவள். அவள் ஒன்றும் பேசவில்லை. "முதலில் இடத்தைப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். அங்கே ஹூக்ளி ஆற்றின் அடியாக ஓடி வரும் பச்சைத் தடத்து வண்டிக்கு மாறி, ஐந்தாம் செக்டார் சென்றோம். ஆற்றுக்கு அடியில் ரயில் வருகிறதென்று கேட்டு அத்தான் வியந்தபோது, ரயில்வேக்காரனான எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. அங்கிருந்து பேருந்து. கால்வாயைக் கடந்ததும் வேறொரு நகரத்துக்கு வந்துவிட்டது போன்ற தோற்றம். பிஸ்வ பாங்ளா சரணி என்னும் அகன்ற சாலை. அதன் நடுவே புதிய மெட்ரோ தடத்துக்கான தூண்கள். இரு புறமும் இருபது, முப்பது மாடிக் கட்டடங்கள்.

இவ்வூருக்கு வயது அதிகமில்லை. ராஜர்ஹாட்டின் விளைநிலங்களும் மீன் ஏரிகளும் இருந்த இடம் இது. 1999-இல் மாநில அரசு ஹிட்கோ என்னும் வீட்டுவசதி நிறுவனத்தை ஏற்படுத்தி நகரத்தை உருவாக்கத் தொடங்கியது. பெரிய வளைவு வாயில் நிற்கும் நாற்சந்திக்கு நாரிகேல் பாகான் என்று பெயர். தென்னந்தோப்பு என்பது அதன் பொருள். தோப்பு போய்விட்டது, பெயர் நிற்கிறது. நிலத்தை விட்டுக்கொடுத்த குடியானவர்களின் மனக்குறையும் முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை.

அத்தானோ மாடிகளை எண்ணிக்கொண்டு வந்தார். "ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு சமையலறை, தம்பி! ஒவ்வொரு சமையலறைக்கும் ஓர் அலமாரி!" என்றார். அவர் ஆசைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய லிவ்ஸ்பேஸ் என்னும் உள்ளலங்கார நிறுவனம் 2019-இல் சிங்கப்பூரிலும் கால் ஊன்றியது, 2022-இல் கே.கே.ஆர். என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 18 கோடி டாலர் திரட்டியது. "அவர்கள் அங்கிருந்து இங்கு வந்தால், நாம் இங்கிருந்து அங்கு போகக்கூடாதா?" என்று கேட்டார். அவர்களுக்கு ஒரு வேலை கெட்டால் தாங்க மூலதனம் உண்டு, நமக்கு ஓர் அஞ்சலகப் புத்தகம்தான் உண்டு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

என்னுடன் வேலை பார்க்கும் வங்காள நண்பரின் தமக்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை, அங்கே பதினான்காவது மாடியில் குடியிருக்கிறார். உள்ளலங்காரம் செய்துகொண்ட வீட்டைப் பார்க்க வேண்டுமென்று கேட்டிருந்ததால் எங்களை அன்போடு வரவேற்றார். கூடம் அழகாகத்தான் இருந்தது. சமையலறையில் கழுவுதொட்டிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறக்க முயன்றார், திறக்கவில்லை. பலகை ஊதிக் கதவு இறுகிவிட்டது. ஒரே மழைக்காலந்தான் ஆயிற்றாம்! வரைபடம் வேறு ஊரிலிருந்து வந்தது. செய்த தச்சர் கூலி பாக்கியுடன் ஊருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டால், "உங்கள் புகார் பதிவாகியிருக்கிறது" என்று பதில்.

அத்தான் தரையில் மண்டியிட்டு, பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. அப்போது அவர் சொன்னதை நம் வாசகர்களும் அறிந்துகொள்வது நல்லது. ஒட்டுப்பலகை என்னும் பிளைவுட்டில் தரங்கள் உண்டு. ஈரக்காற்றைத் தாங்குவது ஒன்று. கொதிநீரையும் தாங்குவது இன்னொன்று. ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர எண் பெற்ற பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாதிருக்க வேண்டும். ஈரக்காற்றுக்கு மட்டும் ஏற்ற மலிவுப் பலகையைக் கழுவுதொட்டிக்குக் கீழே வைத்தால் விளைவு இதுதான். மேலே பளபளப்பான தாளை ஒட்டிவிட்டபின் உள்ளே இருப்பது எதுவென்று வீட்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஒட்டுமுன் பலகையின் மீதுள்ள முத்திரையைப் பார்த்து, ரசீதில் தர எண்ணை எழுதி வாங்கவேண்டும்.

இந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும், எங்கள் ரயில்வேக்கும் பங்குண்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் பிறந்த உத்தரவு நாடு முழுவதையும் கட்டியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வெளி மாநிலங்களுக்கு ரயிலிலோ சாலையிலோ நீர்வழியிலோ மரம் அனுப்பலாகாதென்று நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பகுதியின் பிளைவுட் ஆலைகள் பல மூடப்பட்டன. மரச் சரக்கு வண்டிகள் நின்றுபோன கதையை எங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்கத்தாவோ பிளைவுட் கம்பெனிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். 1986-இல் தோன்றிய செஞ்சுரி பிளை இவ்வூரைச் சேர்ந்ததே. கம்பெனிகள் மரத்துக்காகப் பர்மாவை நாடின. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பர்மா அரசு வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. ஆகவே கல்கத்தாக் கம்பெனிகள் அந்நாட்டிலேயே ஆலை வைத்து, மரத்தை மெல்லிய தகடாகச் சீவிக் கொண்டுவர முற்பட்டன. இரு நாட்டு வியாபாரம் என்பது இப்படித்தான் நடக்கிறது: ஒரு நாட்டில் ஒரு சட்டம் மாறினால், இன்னொரு நாட்டில் ஒரு பட்டறை இடம் மாறவேண்டும்.

இதைக் கேட்ட அத்தான், "எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிற்பதும் பர்மாத் தேக்குதானே!" என்றார். உண்மைதான். தேக்கு பர்மாவிலிருந்தும், கண்ணாடி ஐரோப்பாவிலிருந்தும் வந்தன. ஆயினும் மழைநீர் முற்றத்தில் எங்கே விழவேண்டும், திண்ணை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதை அவ்வூர்க் கொத்தனாரும் தச்சரும் வீட்டாருடன் பேசி முடிவு செய்தார்கள். பொருள் கடல் கடந்து வந்தது; அளவு அந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டது.

மதியம் ஈகோ பார்க்கில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். 2012-இல் திறக்கப்பட்ட அப்பூங்கா 480 ஏக்கர் கொண்டது. நடுவே பெரிய ஏரி. ஒரு பக்கத்தில் தாஜ்மகால், ரோமாபுரியின் கொலோசியம், எகிப்தின் பிரமிடு முதலிய உலக அதிசயங்களின் உருவங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெளித்தோற்றத்தை எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அங்கே எவரும் சமைத்து உண்ணப் போவதில்லை அல்லவா?

புளியோதரையைப் பரிமாறியபடியே என் மனைவி பேசத் தொடங்கினாள். "அண்ணா, அந்த அம்மாளின் சமையலறையில் மீன் நறுக்கும் பொண்ட்டியைப் பார்த்தீர்களா? நம் அரிவாள்மணை போன்றது. தரையில் உட்கார்ந்து நறுக்கவேண்டும். வரைபடம் போட்டவர் அதற்கு இடமே விடவில்லை. பாவம், கூடத்தில் காகிதம் விரித்து நறுக்குகிறார். உங்கள் சிங்கப்பூர் வரைபடத்தில் அதற்கு இடம் உண்டா?"

அத்தான் சற்று யோசித்து, "இல்லையம்மா" என்றார்.

சிங்கப்பூரில் மக்கள் பெரும்பாலோர் 1960-இல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். வீடுகள் சில வகை அளவுகளுக்குள் அடங்கும். கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரே வேலை செய்யலாம். இடிக்கும் ஓசை எந்நேரம் எழலாம் என்பதற்கும் விதி உண்டு. புது வீட்டின் குளியலறை ஓடுகளை மூன்றாண்டு வரை பெயர்க்கலாகாது. தவறு செய்தால் கேட்பதற்கு ஆள் இருப்பதால், அங்கே ஒரு வரைபடம் நூறு வீட்டுக்குப் பொருந்துகிறது. இங்கே அக்கட்டுக்கோப்பு அவ்வளவு இறுக்கமாக இல்லை. அதன் இடத்தில் ஒரு மனிதரின் வாக்குத்தான் நிற்க வேண்டும்.

"அந்த வாக்கை இங்கே கொடுக்கப்போவது நான்" என்றாள் என் மனைவி. "அலமாரி ஊதினால் அந்த அம்மாள் சிங்கப்பூருக்கா வருவார்? என் வாசலுக்குத்தான் வருவார். பெயர் எனக்கு, பழியும் எனக்கு. பலகை எதுவென்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் உங்களுக்கு என்றால், இந்த வியாபாரம் எனக்கு வேண்டாம், அண்ணா."

எனக்கு நெஞ்சு படபடத்தது. தமக்கையின் கணவர், மனம் நொந்தால் உறவு என்னாகும்? அத்தான் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஓடு பதித்த காலத்தில் என் முதலாளி வேறு நாட்டில் இருந்தார். சுவர் கோணல் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. பெயர்த்துப் போட்ட கூலி என் சம்பளத்தில்தான் கழிந்தது. அதை மறந்தே போய்விட்டேன்" என்றார். வெகுநேரம் வேறொன்றும் பேசவில்லை.

மாலையில் திரும்பும் முன் ஆசிரியை வீட்டுக்கு மறுபடியும் சென்றோம். முதல் வேலையாக அவருடைய சமையலறையையே எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அஞ்சலகத் தொகையில் கை வைப்பதில்லை. பலகைக்கு அத்தான் பணம் அனுப்புவார். பலகையின் தரத்தையும் தச்சரின் கூலியையும் என் மனைவி முடிவு செய்வாள்; கூலி சனிக்கிழமைதோறும் கைக்குப் போய்ச் சேரும். லாபத்தில் சரிபாதி அவளுக்கு. பொண்ட்டிக்கு மூன்றடி தரை ஒதுக்கப்படும். மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு எழுத வேண்டிய அறிவிப்பை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வேலை நல்லபடி முடிந்தால் இரண்டாவது வீட்டைப் பற்றி யோசிப்போம். நியூ டவுன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் சங்க அன்பர்களுக்கு இப்போதைக்கு ஒரு விண்ணப்பம்: அலமாரி செய்யக் கொடுக்குமுன் அளவெடுக்க வருபவரிடம் நீங்கள் எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் அதைக் குறித்துக்கொள்ளாவிட்டால், எந்த நாட்டிலிருந்து வந்தவரானாலும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.